தரவுப் பலகையில் தொண்டு எங்கே தெரிகிறது? திருகோணமலை வாசகருக்கு ஒரு வழிகாட்டி

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது, பலரைப் போல நானும் அனர்த்த முகாமைத்துவ நிலையம் வெளியிட்ட நிலைமை அறிக்கைகளைக் கைத்தொலைபேசியில் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்கப்பட்ட குடும்பங்கள், ஆட்கள், சேதமடைந்த வீடுகள், பாதுகாப்பு நிலையங்களில் தங்கியிருந்தோர் என்று மாவட்டவாரியாக நிரல்கள் இருந்தன. திருகோணமலை என்ற வரிக்கு நேரே இருந்த எண்கள் அறிக்கைக்கு அறிக்கை மாறிக்கொண்டிருந்தன. அதே வேளையில் எங்கள் சனசமூக நிலையத்தின் பின்வளவில் மூன்று கல் அடுப்புகளில் சோறு வெந்துகொண்டிருந்தது. அரிசி கொண்டுவந்தவர், விறகு நனையாமல் தறப்பாளால் மூடியவர், பார்சல் கட்டியவர், அவற்றை உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சென்றவர் என அந்த அடுப்புகளைச் சூழ்ந்து நின்ற எவரும் அறிக்கையின் எந்த நிரலிலும் இல்லை. அது அறிக்கையின் குறை அன்று. நிவாரணம் எங்கே, எவ்வளவு தேவை என்ற கேள்விக்கு விடையளிக்கவே அது ஆக்கப்பட்டது; உதவியவர் எத்தனை பேர் என்று எவரும் அதனிடம் கேட்கவில்லை.

டாஷ்போர்ட் என்று வழங்கப்படும் தரவுப் பலகைகளைக் கொண்டு ஓர் ஊரின் தொண்டுப் பணியையும் பொது வாழ்வில் மக்கள் எடுக்கும் பங்கையும் அறிய முனைவோர், சனசமூக நிலையச் செயலாளர்கள், மாதர் சங்கத்தினர், செயற்றிட்டம் எழுதும் மாணவர்கள், பிரதேச சபை உறுப்பினர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். கணினி அறிவு பெரிதாகத் தேவையில்லை. பின்னங்களைப் பாடசாலையில் படித்த நினைவும், ஓர் எண்ணைக் கண்டதும் நம்பிவிடாத பொறுமையும் போதும்.

கேள்வியைத் தாளில் எழுதிய பின் பலகையைத் திறவுங்கள்

பலகையைத் திறந்ததும் வண்ணப் படங்கள் கண்ணைக் கவர்ந்து, நாம் தேடி வந்ததை மறக்கச் செய்துவிடும். ஆகவே முதலில் ஒரு தாளில் உங்கள் கேள்வியை ஒரே வசனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். “எங்கள் பகுதியில் தொண்டு எப்படி இருக்கிறது?” என்பது கேள்வியாகாது. “தம்பலகாமம் பிரதேச செயலகப் பிரிவில் வயது 18 முதல் 30 வரையானோருள் கடந்த 12 மாதங்களில் ஏதேனும் ஒரு சங்கத்துக்காக ஊதியமின்றி வேலை செய்தவர் எத்தனை வீதத்தினர்?” என்பது கேள்வி. யார், எந்த இடம், எந்தக் காலம், எந்தச் செயல் என்ற நான்கும் அதில் உண்டு. அந்த நான்கில் எதற்குப் பலகை விடை தருகிறது, எதற்குத் தரவில்லை என்பதை அதே தாளில் குறித்துக்கொண்டே செல்லுங்கள். பெரும்பாலான பலகைகள் ஒன்றிரண்டுக்கு மட்டுமே விடை தரும்; எஞ்சியதை ஊகத்தால் நிரப்பும்போதுதான் தவறு நேர்கிறது.

அடுத்து, படங்களுக்குச் செல்லாமல் பலகையின் அடியிலோ “எம்மைப் பற்றி”, “முறையியல்” என்ற பக்கத்திலோ உள்ள சிறிய எழுத்துகளை வாசியுங்கள். தரவைச் சேகரித்தவர் யார், எத்தனை பேரைக் கேட்டார்கள், எந்த மாதத்தில் கேட்டார்கள், கேட்ட கேள்வியின் சரியான சொற்கள் யாவை என்பன அங்கே இருக்க வேண்டும். கேள்வியின் சொற்களைத் தராத பலகையை நான் மேற்கோள் காட்டுவதில்லை.

தொண்டு என்று எதை எண்ணுகிறார்கள்?

இந்தப் பகுதியில் சற்று நின்று செல்ல வேண்டும். ஏனெனில் பிழைகளுள் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

2013இல் நடைபெற்ற 19ஆவது சர்வதேசத் தொழிற் புள்ளிவிபரவியலாளர் மாநாடு தொண்டு வேலைக்கு ஒரு வரைவிலக்கணம் தந்தது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு அதை அடிப்படையாகக் கொண்டே நாடுகளுக்கு வழிகாட்டுகிறது. அதன்படி, வேலை செய்யும் வயதுடைய ஒருவர், நான்கு வாரம் அல்லது ஒரு மாதம் போன்ற குறுகிய காலத்துள், குறைந்தது ஒரு மணித்தியாலமாவது, ஊதியமின்றியும் கட்டாயமின்றியும் பிறருக்காகச் செய்த வேலையே தொண்டு வேலை. உணவு, போக்குவரத்துச் செலவு, உள்ளூர்க் கூலியின் மூன்றிலொரு பங்குக்கும் குறைவான சிறு கொடுப்பனவு ஆகியவற்றைப் பெற்றாலும் அது தொண்டாகவே கொள்ளப்படும். ஓர் அமைப்பின் ஊடாகச் செய்தாலும், அமைப்பு எதுவுமின்றி நேரடியாக இன்னொரு வீட்டாருக்குச் செய்தாலும் அது எண்ணப்படும்.

இந்த வரைவிலக்கணத்தை எங்கள் ஊர்களுக்குக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். “பிறர்” என்பதில் சொந்த வீட்டாரும், வேறு வீட்டில் வாழும் உறவினரும் அடங்கமாட்டார்கள். மூதூரைச் சூழ்ந்த கொட்டியாரப் பகுதியின் பழைய கிராமங்களில் யார் உறவினர் அல்லாதவர்? ஒரு செத்த வீட்டில் பந்தல் போட்டவர், பறையடிப்போருக்குச் சொல்லி அனுப்பியவர், மூன்று நாளும் அயல் வீடுகளிலிருந்து சோறு கொடுத்தவர் ஆகியோருள் பெரும்பாலானோர் ஏதோ ஒரு வழியில் மச்சான், பெரியம்மா, சின்னையா என்ற முறையுடையவர்கள். வரைவிலக்கணத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் அவர்களின் வேலை தொண்டுக் கணக்கில் சேராது. அதே வேலையை மரண உதவிச் சங்கத்தின் உறுப்பினராகச் செய்தால் சேரும். முஸ்லிம் ஊர்களில் ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் வழியே செய்தாலும் சேரும். ஆக, சங்கங்கள் நிறைந்த ஊர் தொண்டு மிகுந்த ஊராகவும், உறவுமுறையால் இயங்கும் ஊர் தொண்டு குறைந்த ஊராகவும் பலகையில் தோன்றக்கூடும். இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டுப் பேசும் எவரும் இதை முதலில் சொல்லிவிட்டே பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

“கட்டாயமின்றி” என்ற சொல்லும் அவ்வாறே உற்று நோக்கத்தக்கது. அரச நலன்புரிக் கொடுப்பனவு நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் சிரமதானத்துக்கு வந்த ஒருவரும், தன் பிள்ளை படிக்கும் பாடசாலை வளவைத் துப்புரவாக்கத் தானாக வந்த ஒருவரும் வரவுத் தாளில் ஒரே மாதிரியான இரண்டு கையொப்பங்களே. எண்ணுபவர் கேட்காவிட்டால் இந்த வேறுபாடு என்றைக்கும் தெரியவராது.

இங்கே இன்னொரு சொல்லையும் குறிப்பிட வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் “தொண்டர் ஆசிரியர்” என்று அழைக்கப்படுவோர், ஆசிரியர் பற்றாக்குறையான பாடசாலைகளில், ஒரு நாள் நிரந்தர நியமனம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு ஆண்டுக்கணக்காகக் கற்பித்தவர்கள். கல்வித் தரவில் “தொண்டர்” என்ற நிரலைக் கண்டால், அதை ஊரின் தாராள மனத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த எண் பெரும்பாலும் நிரப்பப்படாத வெற்றிடங்களைப் பற்றியே பேசுகிறது. அது உயர்வதைக் கண்டு மகிழ்வதற்கு எதுவுமில்லை.

உலக அளவில் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு ஐக்கிய நாடுகள் தொண்டர் நிகழ்ச்சித்திட்டம் 2022இல் வெளியிட்ட அறிக்கை சான்று தருகிறது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோருள் மாதந்தோறும் 86 கோடியே 20 இலட்சம் பேர் தொண்டு செய்வதாக அது மதிப்பிட்டது. அமைப்புகளின் வழியே செய்வோர் 6.5 வீதத்தினர், அமைப்பின்றி நேரடியாகச் செய்வோர் 14.3 வீதத்தினர். அமைப்புசார் தொண்டை மட்டும் காட்டும் பலகை, இரண்டில் சிறிய பங்கையே காட்டுகிறது.

பழகிப் பார்க்க ஓர் அமெரிக்கப் பலகை

இலங்கையில் தொண்டுக்கென்றே மாவட்டவாரியாக இயங்கும் பொதுப் பலகை ஒன்றை நான் இதுவரை பயன்படுத்தியதில்லை. எனவே வாசிப்பைப் பழக, நன்கு ஆவணப்படுத்தப்பட்ட வேறொரு நாட்டுப் பலகையை எடுத்துக்கொள்ளுமாறு மாணவர்களுக்குச் சொல்வேன். அமெரிக்காவில் தொண்டுப் பணிக்கான அரச நிறுவனமாகிய அமெரிக்கோர்ப்ஸும் அந்நாட்டுத் தொகைமதிப்புப் பணியகமும் இணைந்து, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை செப்டெம்பரில், 16 வயதும் அதற்கு மேலும் உள்ளோரிடம் நடத்தும் ஆய்வின் முடிவுகள் எவரும் பார்க்கக்கூடியவாறு வெளியிடப்படுகின்றன. அமைப்புசார் தொண்டு, அயலவருக்கு உதவுதல், பொதுக் கூட்டங்களுக்குச் செல்லுதல், அரச அலுவலரைத் தொடர்புகொள்ளுதல், உள்ளூர்த் தேர்தலில் வாக்களித்தல், பணம் கொடுத்தல் என்று குடிமக்கள் பங்கேற்பின் பல முகங்கள் தனித்தனியே கேட்கப்படுகின்றன. அந்த எண்கள் அந்த நாட்டுக்கு உரியவை. நாம் அங்கே கற்பது வாசிக்கும் முறையை மட்டுமே.

2019இல் அமைப்புசார் தொண்டு செய்தோர் 30 வீதம். பெருந்தொற்றுக் காலத்தை உள்ளடக்கிய 2021ஆம் ஆண்டு ஆய்வில் அது 23.2 வீதமாக வீழ்ந்தது, 2023இல் 28.3 வீதமாக, அதாவது 7 கோடியே 57 இலட்சம் பேராக, மீண்டது. இப்போது ஒரு பயிற்சி: 23.2இலிருந்து 28.3க்குச் சென்றது எவ்வளவு உயர்வு? கழித்தால் 5.1 சதவீதப் புள்ளிகள். ஆனால் 5.1ஐ 23.2ஆல் வகுத்தால் ஏறத்தாழ 22 வீத வளர்ச்சி. இரண்டும் சரியே. மேடையில் பேசுபவர் 22 என்பார், எதிர்த்துப் பேசுபவர் 5 என்பார், கேட்டிருப்பவர் இருவருள் ஒருவர் பொய் சொல்வதாக எண்ணுவார். நீங்கள் எழுதும்போது எதைச் சொல்கிறீர்கள் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள்.

அதே பலகையில் இதைவிடக் கூர்மையான பாடம் ஒன்றும் உண்டு. 2017ஆம் ஆண்டுக்கு 690 கோடி தொண்டு மணித்தியாலங்களும், அவற்றின் பெறுமதியாக ஏறத்தாழ 167 பில்லியன் டொலரும் கணக்கிடப்பட்டன. 2023ஆம் ஆண்டுக்கு 499 கோடி மணித்தியாலங்களும், பெறுமதியாக 167.2 பில்லியன் டொலரும் கணக்கிடப்பட்டன. பண நிரலை மட்டும் பார்ப்பவருக்கு எதுவுமே மாறவில்லை. மணித்தியால நிரலைப் பார்ப்பவருக்கோ, நான்கிலொரு பங்குக்கும் மேலான உழைப்பு குறைந்திருப்பது தெரியும். ஒரு மணித்தியாலத்துக்கு இடப்படும் விலை உயர்ந்ததால் அந்தக் குறைவு மறைந்துபோயிற்று. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்ட நாட்டில் வாழும் நமக்கு இது மறக்கக்கூடாத எச்சரிக்கை. சிரமதானத்தின் பெறுமதியை ரூபாயில் எழுதும் சங்கங்கள், கூலி உயர்ந்த காரணத்தாலேயே தங்கள் தொண்டு பெருகிவிட்டதாக நம்பிவிடக்கூடும். மணித்தியாலத்தை முதலில் எழுதுங்கள். தேவைப்பட்டால் மட்டும் ரூபாயைப் பக்கத்தில் எழுதுங்கள்.

மாதிரியின் அளவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உலகக் கொடைச் சுட்டெண் என்ற பட்டியலில் 2016இல் இலங்கை 5ஆம் இடத்தைப் பெற்றது. அதை இன்றும் கூட்டங்களில் கேட்கிறோம். அறிமுகமில்லாத ஒருவருக்கு உதவினீர்களா, ஓர் அறப்பணிக்குப் பணம் கொடுத்தீர்களா, ஓர் அமைப்புக்கு நேரம் கொடுத்தீர்களா என்று கடந்த மாதத்தைப் பற்றிய மூன்று கேள்விகளிலிருந்து அது ஆக்கப்பட்டது. ஒரு நாட்டில் வழமையாக 1,000 பேரளவில் கேட்கப்பட்டது. 2012 தொகைமதிப்பின்படி திருகோணமலை மாவட்டத்தின் மக்கள் ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம். நாட்டின் மொத்தம் 20,359,439. நமது பங்கு 1.9 வீதத்துக்கும் குறைவு. மாதிரி எவ்வளவு நேர்மையாகப் பகிரப்பட்டிருந்தாலும் 1,000 பேரில் நம் மாவட்டத்துக்குக் கிடைப்பவர் 19 பேரளவே. பத்தொன்பது பேரின் விடையைக் கொண்டு கிண்ணியாவையும் கோமரங்கடவெலவையும் பற்றி எதுவும் சொல்ல முடியாது. தேசிய எண்ணை ஊர் எண்ணாக மாற்றி எழுதாதீர்கள். பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

நம் மாவட்டத் தரவு எங்கே இருக்கிறது?

தொண்டு என்ற பெயரில் தேடினால் கிடைப்பது குறைவு. ஆனால் பங்கேற்பின் தடயங்கள் பல அலுவலகங்களில் பல பெயர்களில் இருக்கின்றன. தேர்தல்கள் ஆணைக்குழுவின் முடிவுகள், தேசிய குருதி மாற்றுச் சேவையின் ஆண்டுப் புள்ளிவிபரங்கள், தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் அட்டவணைகளும் மாவட்டப் புள்ளிவிபரக் கைந்நூலும், அரசின் திறந்த தரவுத் தளம் என்பன எளிதில் எட்டுபவை. தேடும்போது தமிழ், ஆங்கிலம், சிங்களம் ஆகிய மூன்று மொழிப் பக்கங்களையும் திறந்து பாருங்கள். ஒரு மொழியில் இல்லாத அட்டவணை இன்னொன்றில் இருப்பதுண்டு.

தேடத் தொடங்கியதும் பெயர்ச் சிக்கல் எதிர்ப்படும். “திருகோணமலை” என்பது 11 பிரதேச செயலகப் பிரிவுகளைக் கொண்ட மாவட்டத்தின் பெயர்; பாராளுமன்றத்துக்கு 4 ஆசனங்களைத் தரும் தேர்தல் மாவட்டத்தின் பெயர்; அதனுள் சேருவில, மூதூர் ஆகியவற்றோடு நிற்கும் ஒரு தேர்தல் தொகுதியின் பெயர்; நகரத்தின் உள்ளூராட்சி சபையின் பெயர்; ஒரு கல்வி வலயத்தின் பெயர். இவற்றின் எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தா. பிரதேச செயலகப் பிரிவைத் தேடினால் அது “பட்டணமும் சூழலும்” என்ற பெயரில் இருக்கும். வெருகல் சில ஆவணங்களில் ஈச்சிலம்பற்று என்று இருக்கும். மூதூர்த் தேர்தல் தொகுதியினுள் கிண்ணியாவும் அடங்குவதால், தொகுதி முடிவைப் பார்த்து மூதூர் மக்களைப் பற்றி மட்டும் எழுதுவது தவறாகும். இரண்டு அட்டவணைகளை இணைக்குமுன் ஒவ்வொரு வரியின் எல்லையும் ஒன்றேதானா என்று சரிபாருங்கள். இதற்கு அரை நாள் சென்றாலும் அது வீணான அரை நாள் அன்று.

தேர்தல் தரவு நேர்த்தியானது. எண்ணுக்கு எண் சரிபார்க்கப்பட்டது. ஆயினும் அதையும் கேள்வியோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். 2024 செப்டெம்பர் 21இல் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில் 17,140,354 பதிவு செய்யப்பட்ட வாக்காளருள் 79.46 வீதத்தினர் வாக்களித்தனர். நவம்பர் 14இல் நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில் அதே பதிவேட்டில் 68.93 வீதத்தினரே வாக்களித்தனர். எட்டு வாரங்களுக்குள் குடிமக்களின் பொறுப்புணர்வு பத்துப் புள்ளிகள் சரிந்துவிட்டது என்று எவரும் கருதமாட்டார்கள். தேர்தலின் வகை வேறு, மக்களின் களைப்பும் எதிர்பார்ப்பும் வேறு. ஆகவே ஆண்டுகளை ஒப்பிடும்போது சனாதிபதித் தேர்தலைச் சனாதிபதித் தேர்தலோடும், உள்ளூராட்சித் தேர்தலை உள்ளூராட்சித் தேர்தலோடும் மட்டுமே ஒப்பிடுங்கள். நிராகரிக்கப்பட்ட வாக்குகளையும் விட்டுவிடாதீர்கள். சனாதிபதித் தேர்தலில் 300,300 ஆக இருந்த அவை, பாராளுமன்றத் தேர்தலில் 667,240 ஆயின. வாக்குச்சாவடி வரை வந்தும் வாக்கு எண்ணப்படாமல் போனவர்கள் அவர்கள். வாக்களிப்பு வீதத்தை உயர்த்த விரும்பும் இளைஞர் கழகம், வீட்டில் இருந்துவிட்டவரைத் தேடுவதோடு இவர்களுக்கு வாக்குச்சீட்டை அடையாளமிடும் முறையைக் கற்பிப்பதையும் ஒரு பணியாகக் கொள்ளலாம்.

பின்னத்தின் பகுதி எண்ணையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் வேலை செய்வோருள் பலரின் பெயர்கள் பதிவேட்டில் இருக்கின்றன. அங்கிருந்து வாக்களிக்க வழி இல்லை. மத்திய கிழக்கில் உழைப்போர் மிகுந்த ஊர்களில் வாக்களிப்பு வீதம் தாழ்ந்து தோன்றினால், அதை அக்கறையின்மை என்று எழுதுமுன் இதை நினைத்துப் பாருங்கள்.

குருதிக்கொடைத் தரவை நான் மிகவும் மதிக்கிறேன். இலங்கை 2014 முதல் முழுமையாகத் தொண்டர் கொடையாளரிடமிருந்தே குருதியைப் பெறுகிறது. ஒவ்வொரு கொடையும் பதியப்படுகிறது. ஊதியமும் கட்டாயமும் இல்லாத, பிறருக்கான செயல் ஒன்று இவ்வளவு துல்லியமாக எண்ணப்படும் இடம் நாட்டில் வேறு எது? ஆனால் அங்கே எண்ணப்படுவது கொடை, கொடையாளர் அல்லர். நான்கு மாதங்களுக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்பதால், ஒருவரே ஆண்டில் மூன்று முறை எண்ணப்படலாம். மேலும் பதிவு குருதி வங்கியின் பெயரில் நிற்கிறது. கொடுத்தவரின் ஊர் அதில் தெரியாது.

வரைபடங்களைப் பற்றிச் சுருக்கமாக: குச்சவெளி, மொரவெவ, கோமரங்கடவெல போன்ற பரந்த பிரிவுகள் படத்தில் பெரிய நிறத் திட்டுகளாகவும், சனம் நெருங்கி வாழும் கிண்ணியாவும் பட்டணமும் சிறு புள்ளிகளாகவும் தெரியும். நிறத்தின் பரப்பு நிலத்தைக் காட்டுகிறது, மக்களை அன்று. அட்டவணையைத் தரவிறக்கி எண்களை வரிசைப்படுத்திப் பார்ப்பதே நல்லது.

காலவரிசைக் கோடுகளைப் பற்றி மட்டும் நம் மாவட்டத்தார் மற்றவரைவிட அதிகம் கவனம் கொள்ள வேண்டும். 1981க்குப் பின் 1991இல் தொகைமதிப்பு நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்றபோது முழுமையாக நடத்த முடியாத 7 மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்று. எனவே 1981ஐயும் 2012ஐயும் இணைத்து ஒரு பலகை நேர்கோடு வரைந்தால், அந்தக் கோட்டின் கீழ் 31 ஆண்டுகளின் இடப்பெயர்வுகளும் 2004 ஆழிப்பேரலையும் சத்தமின்றி மறைந்துகிடக்கின்றன. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் காணிகள் 2015 முதலே மீளக் கையளிக்கப்படத் தொடங்கின. 2012 தொகைமதிப்பின்போது அவர்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் போன்ற இடங்களில் வாழ்ந்தார்கள். கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்தில் 2012 எண்ணைப் பகுதியாகக் கொண்டு இன்றைய சங்க உறுப்பினர் வீதத்தைக் கணக்கிட்டால், சம்பூருக்குப் பொருளற்ற விடையே கிடைக்கும். 2024 டிசம்பரை அடிப்படையாகக் கொண்ட தொகைமதிப்பின் சிறு பிரிவு எண்கள் கையில் இருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள்.

பலகையில் இல்லாததைக் கேட்டுப் பெறுதல்

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மீனவர் கூட்டுறவுச் சங்கம், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழான கமக்காரர் அமைப்புகள், 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவான தொண்டர் சமூக சேவை அமைப்புகள், உள்ளூராட்சி சபையில் பதிவான சனசமூக நிலையங்கள் என ஒவ்வொரு வகையின் பதிவேடும் வெவ்வேறு மேசையில் இருக்கிறது. இவற்றைப் பெற 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழிசெய்கிறது. ஒவ்வொரு பொது அதிகாரசபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் உண்டு. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கப்பட வேண்டும். மறுக்கப்பட்டால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

கேட்கும் முறையில்தான் பயன் இருக்கிறது. “சங்கங்கள் பற்றிய விபரம் தருக” என்று எழுதினால் பக்கக் கணக்கில் பெயர்ப் பட்டியல் வரும். “2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில், கிராம உத்தியோகத்தர் பிரிவுவாரியாக, பதிவில் உள்ள கிராம அபிவிருத்திச் சங்கங்கள் எத்தனை, அவற்றுள் அந்த ஆண்டில் பொதுக்கூட்டம் நடத்திக் கணக்கறிக்கை ஒப்படைத்தவை எத்தனை” என்று கேளுங்கள். பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே ஒரு சங்கம் உயிரோடு இருப்பதாகக் கொள்ள முடியாது. வெளிநாட்டு நிதி வந்த காலத்தில் உருவாகி, நிதி முடிந்ததும் பெயர்ப்பலகை மட்டும் எஞ்சிய சங்கங்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

உங்கள் சங்கத்தின் சொந்தப் பலகை

இவ்வளவையும் பார்த்த பிறகு, அந்த மூன்று அடுப்புகளைச் சூழ நின்றவர்களை எண்ணக்கூடியவர் அவர்களுக்கு அருகில் நின்றவரே என்பது தெளிவாகும். அதற்கு ஒரு கொப்பியும், விரும்பினால் கைத்தொலைபேசியில் ஒரு விரிதாளும் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நிலையத்தின் ஆண்டறிக்கையை நான் தயாரித்தபோது, ஆறு சிரமதானங்களின் வரவுத் தாள்களைக் கூட்டி, வந்த தொகையைத் “தொண்டர்கள்” என்று எழுதினேன். பொதுக்கூட்டத்தில் அதை வாசித்ததும், ஆறுக்கும் தவறாமல் வந்திருந்த ஒரு முதிய அம்மா எழுந்து, “தம்பி, இந்தக் கணக்கில நான் எத்தனை தரம் வாறன்?” என்று கேட்டார். அவர் ஆறு பேராக எண்ணப்பட்டிருந்தார். அன்றிலிருந்து மூன்று எண்களைத் தனித்தனியே எழுதுகிறோம்: வந்தவர் எத்தனை பேர், வந்த தடவைகள் எத்தனை, மணித்தியாலங்கள் எத்தனை. இந்த மூன்றும் ஒரே திசையில் நகர்வதில்லை. ஆட்கள் குறைந்து மணித்தியாலம் கூடினால், சிலர்மீது சுமை ஏறுகிறது என்று பொருள்; அதை ஆண்டு முடியும்வரை காத்திராமல் அந்த மாதக் கூட்டத்திலேயே பேச வேண்டும்.

கொப்பியில் திகதி, இடம், செய்த வேலை, தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஆண் பெண், வயதுத் தொகுதி, முதன்முறை வந்தவரா என்ற நிரல்களை வையுங்கள். சமையல், பிள்ளை பராமரிப்பு, தேநீர் தயாரித்தல் ஆகியவற்றையும் வேலையாகவே பதியுங்கள். மண்வெட்டி பிடித்தவரை மட்டும் எழுதும் தாளில் பெண்களின் உழைப்பு ஒருபோதும் வராது. “உறவினருக்குச் செய்தது” என்று ஒரு நிரலைச் சேர்த்துக்கொண்டால், சர்வதேச வரைவிலக்கணத்தின்படியான எண்ணையும், ஊர் வழக்கின்படியான எண்ணையும் ஒரே கொப்பியிலிருந்து எடுக்கலாம். தானாக வந்தாரா, யாரேனும் வரச் சொன்னார்களா என்பதைக் கையொப்பம் வாங்கும்போது வாயால் கேட்டு ஒரு புள்ளடியிட்டுக்கொள்ளுங்கள்.

பெயர்கள் கொப்பியிலேயே நிற்கட்டும். வெளியே போகும் தாளில் எண்கள் மட்டும் போகட்டும். அடையாள அட்டை இலக்கமோ தொலைபேசி இலக்கமோ எழுத வேண்டிய தேவையே இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பது ஒருபுறமிருக்க, சங்கத்துக்கு வந்ததற்காகவே வீட்டுக்கு ஆள் வந்து விசாரித்த காலத்தை இந்த மாவட்டம் மறக்கவில்லை. ஒரு வயதுத் தொகுதியில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அதை அடுத்த தொகுதியோடு சேர்த்து எழுதுங்கள். சிறிய ஊரில் “பெண், 60க்கு மேல், 1” என்று எழுதுவது பெயரை எழுதுவதற்குச் சமம்.

மாத இறுதியில் மூன்று எண்களையும் ஒரு சிறு சலாகை வரைபாக வரைந்து நிலையத்தின் அறிவித்தற் பலகையில் ஒட்டுங்கள். கீழே, எண்ணியவர் வகிக்கும் பதவி, எண்ணிய காலம், கேட்ட கேள்வியின் சொற்கள், பதிவு தவறிய நாட்கள் ஆகியவற்றை எழுதுங்கள். எங்கள் பலகையில் டித்வா வாரத்துக்கு நேரே வெற்றிடமே இருக்கிறது. அந்த நாட்களில் கொப்பியை எடுக்க எவருக்கும் கை ஓயவில்லை. அந்த இடத்தில் பூச்சியம் எழுதாமல் “பதியப்படவில்லை” என்று எழுதி வைத்திருக்கிறோம்.